அணுமின் துறை: கட்டுப்பாட்டு அறைக்குள் யார், கதிர்வீச்சுக்குள் யார்?

2025ஆம் ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கை, 2047ஆம் ஆண்டுக்குள் 100 ஜிகாவாட் அணுமின் உற்பத்தித் திறனை எட்டுவது என்னும் இலக்கை அறிவித்தது. சிறு அணு உலைகளின் ஆய்வுக்கும் உருவாக்கத்துக்கும் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. உள்நாட்டில் வடிவமைக்கப்பட்ட ஐந்து சிறு உலைகளேனும் 2033க்குள் இயங்கும் என்றும் அவ்வறிக்கை கூறியது. அதே ஆண்டு டிசம்பரில், 'சாந்தி' என்னும் சுருக்கப் பெயர் கொண்ட புதிய அணுசக்திச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டமும், 2010ஆம் ஆண்டின் அணுசேதப் பொறுப்புச் சட்டமும் அதனால் நீக்கப்பட்டன. அறுபதாண்டுகளுக்கும் மேலாக அரசின் கையில் மட்டுமே இருந்த அணுமின் உற்பத்தி, தனியார் நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இந்த அறிவிப்புகளோடு சேர்ந்து வந்த சொல் 'வேலைவாய்ப்பு'. கல்லூரிகளில் நடக்கும் வழிகாட்டி நிகழ்ச்சிகளில் அணுசக்தித் துறை இப்போது எதிர்காலத் துறையாக அறிமுகம் செய்யப்படுகிறது. சட்ட விழிப்புணர்வு வகுப்புகளில் மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு: "இந்தத் துறைக்குள் எங்களுக்கு இடம் உண்டா?" என்பது ஒன்று. "கூடங்குளத்தை எதிர்த்த இயக்கங்களில் இருந்துகொண்டு அங்கே விண்ணப்பிப்பது முறையா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை தேட வேண்டுமானால், இந்தத் துறையில் வேலை எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது, எந்த அடுக்கில் எந்தச் சட்டம் செயல்படுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

துறையின் அமைப்பு

அணுசக்தி ஆணையம் 1948இலும், அணுசக்தித் துறை 1954இலும் தொடங்கப்பட்டன. அத்துறை தொடக்கம் முதலே பிரதமரின் நேரடிப் பொறுப்பில் இருந்து வருகிறது. ஆய்வுக்கு மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையமும், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் உள்ளன. மின் உற்பத்திக்கு 1987இல் உருவான இந்திய அணுமின் கழகம் உள்ளது. வேக ஈனுலைக்கென 2003இல் தொடங்கப்பட்ட பாவினி நிறுவனம் கல்பாக்கத்தில் இயங்குகிறது. யுரேனியத்தைத் தோண்டி எடுக்கும் பணி, 1967இல் அமைக்கப்பட்ட இந்திய யுரேனியக் கழகத்துக்கு உரியது. ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் சந்தால், ஹோ, முண்டா முதலிய ஆதிவாசி மக்களின் நிலத்தில் அதன் சுரங்கங்கள் உள்ளன.

தமிழ்நாட்டில் இரண்டு இடங்களில் அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. கல்பாக்கத்தில் 220 மெகாவாட் திறனுள்ள இரு உலைகள் 1984இலும் 1986இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் திறனுள்ள இரு உலைகள் 2014இலும் 2017இலும் வணிக உற்பத்திக்கு வந்தன. மேலும் நான்கு உலைகளின் கட்டுமானம் அங்கே தொடங்கப்பட்டது.

இவை அனைத்தும் அரசு நிறுவனங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 12ஆம் உறுப்பு சொல்லும் 'அரசு' என்பதற்குள் இவை அடங்கும். ஆகவே 16(4)ஆம் உறுப்பின் வழிவந்த இட ஒதுக்கீடு இவற்றின் வேலை நியமனங்களுக்குப் பொருந்தும். அகில இந்திய அளவிலான நேரடி நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு, பட்டியல் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்பதே அளவு. நம் வீட்டுப் பிள்ளைகள் இத்துறைக்குள் பொறியாளராகவும் தொழில்நுட்பராகவும் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

நுழைவதற்கான வாயில்கள்

பொறியியல் பட்டதாரிகளுக்கும் அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கும் உள்ள முதல் வாயில், 1957 முதல் நடந்துவரும் பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளி. ஓராண்டுப் பயிற்சியை முடித்தவர்கள் அறிவியல் அலுவலர் 'சி' நிலையில் பணியமர்த்தப்படுகிறார்கள். ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்கும். பட்டப்படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 26 என வைக்கப்படும் வயது வரம்பு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐந்தாண்டுகள் தளர்த்தப்படுகிறது. கேட் தேர்வு மதிப்பெண்ணோ மையமே நடத்தும் இணையவழித் தேர்வோ நேர்காணலுக்கு அழைத்துச் செல்லும்.

இரண்டாவது வாயில், இந்திய அணுமின் கழகத்தின் நிர்வாகப் பயிற்சியாளர் பணி. இதற்கும் கேட் மதிப்பெண்தான் அடிப்படை. இயந்திரவியல், மின்னியல், வேதியியல், மின்னணுவியல், கருவியியல், கட்டடவியல் ஆகிய பிரிவுகளில் ஆள் எடுக்கப்படுகிறது.

மூன்றாவது வாயிலைப் பற்றி நம் மாணவர்களிடம் போதிய அளவு பேசப்படுவதில்லை. உதவித்தொகையுடன் கூடிய பயிற்சியாளர் பணி அது. அதில் இரு பிரிவுகள் உண்டு. பட்டயப் படிப்பு முடித்தவர்களும் பி.எஸ்சி. பட்டதாரிகளும் முதல் பிரிவில் சேர்ந்து அறிவியல் உதவியாளர் ஆகலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களும் அறிவியல் பாடத்துடன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும் இரண்டாம் பிரிவில் சேர்ந்து தொழில்நுட்பர் ஆகலாம். உலையை இயக்குதல், பராமரித்தல், கதிர்வீச்சை அளத்தல் ஆகிய அன்றாடப் பணிகள் இவர்கள் கையில்தான் இருக்கின்றன. கேட் பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட இயலாத குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது இந்த வாயில்தான்.

மின் நிலையத்துக்கு வெளியேயும் இத்துறை சார்ந்த பணிகள் உண்டு. புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிர்வீச்சுச் சிகிச்சையின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர், கொதிகலன் தொழிற்சாலைகளில் பற்றவைப்பின் தரத்தைக் கதிர்வீச்சுப் படம் எடுத்துச் சோதிக்கும் தொழில்நுட்பர் ஆகியோர் இவ்வகையில் அடங்குவர். உலைகள் பெருகினாலும் பெருகாவிட்டாலும் இந்தத் திறன்களுக்கு வேலை இருக்கும். அதனால்தான் இவற்றைத் தனியே குறிப்பிடுகிறேன்.

இட ஒதுக்கீடு எங்கே நின்றுவிடுகிறது?

வாயில் திறந்திருக்கிறது என்பதற்காக மாடிகளும் திறந்திருக்கின்றன என்று பொருளல்ல. இதற்குச் சட்டத்திலேயே சான்று இருக்கிறது.

ஒன்றியக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டை உறுதிசெய்யும் சட்டம் 2006ஆம் ஆண்டுக்குரியது. அதன் 4ஆம் பிரிவு சில நிறுவனங்களுக்கு விலக்களிக்கிறது. 'மேன்மை மிக்க', 'நாட்டின் பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த' நிறுவனங்கள் என அவை அழைக்கப்படுகின்றன. அட்டவணையைப் புரட்டினால் ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு மையங்களும் அதில் உள்ளன. பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது, கல்பாக்கத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாணவர்களைச் சேர்க்கும்போது இட ஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்று இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்றியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே வகையான விலக்கு தொடர்கிறது.

வேலை நியமனத்திலும் ஓர் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆய்வை நடத்துவதற்கும் வழிநடத்துவதற்கும் உரிய அறிவியல் பதவிகள், 'அ' பிரிவின் அடிநிலைக்கு மேற்பட்டவையாக இருந்தால், அவற்றுக்கு இட ஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தரலாம் என்று 1975ஆம் ஆண்டின் நிர்வாக ஆணை கூறுகிறது. விஞ்ஞானிகளின் பதவி உயர்வோ காலியிடத்தைச் சார்ந்ததன்று. 'தகுதி அடிப்படையிலான பதவி உயர்வு' என்ற முறையில், மேலதிகாரியின் மதிப்பீட்டையும் நேர்காணலையும் கொண்டு அது தீர்மானிக்கப்படுகிறது. எழுத்துத் தேர்வில் பெயர் மறைந்திருக்கும். நேர்காணலில் பெயரும் ஊரும் பேச்சும் எதிரே உட்கார்ந்திருக்கும். தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள், எந்த அளவுகோலில் மதிப்பெண் இடுகிறார்கள் என்பது வெளியே தெரியாதபோது, 'தகுதி' என்ற சொல்லுக்குள் சாதி ஒளிந்துகொள்வது எளிது.

விலக்குக்குக் கூறப்படும் காரணம், நாட்டின் பாதுகாப்பும் அறிவியலின் உயர்தரமும். இந்த வாதத்தை நாம் நிதானமாகத் திருப்பிக் கேட்க வேண்டும். உலையை இயக்கும் தொழில்நுட்பர் பணியில் இட ஒதுக்கீடு உண்டு. அங்கே ஒரு பிழை நேர்ந்தால் விளைவு பெரிது. ஆனால் கட்டுரை எழுதும் ஆய்வு மாணவர் சேர்க்கையில் இட ஒதுக்கீட்டுக் கடமை இல்லை. ஆபத்து மிகுந்த இடத்தில் நம்பப்படுகிறவர்கள், அறிவு உருவாகும் இடத்தில் மட்டும் ஏன் நம்பப்படுவதில்லை?

'துணைப் பணி' எனப்படும் துப்புரவு

அடுக்கின் கீழ்ப்படியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கட்டுமானம், சுமை தூக்குதல், துப்புரவு, தோட்டம், உணவகம் ஆகியவற்றோடு, உலை பராமரிப்புக்காக நிறுத்தப்படும் வாரங்களில் தேவைப்படும் கூடுதல் பணிகளுக்கும் ஒப்பந்ததாரர் வழியாக ஆள் எடுப்பது உலகெங்கும் வழக்கம். ஒரு கட்டடத்தில் தரையைத் துடைப்பது சாதாரணத் துப்புரவு. கதிரியக்கத் துகள் படிந்த தரையைத் துடைப்பதோ உடலைப் பணயம் வைக்கும் வேலை. கையில் இருக்கும் துடைப்பான் ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே வேலையல்ல.

கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்துள்ள வரம்பு இது: ஐந்தாண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட். அதில் எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இந்த வரம்பு தனி மனிதருக்கு உரியது, வேலைக்கு உரியதன்று. ஆகவே கதிர்வீச்சு மிகுந்த ஒரு வேலையை ஒருவரைக் கொண்டு முடிக்க இயலாதபோது, ஆளை மாற்றி மாற்றி முடித்துவிடலாம். நிரந்தர ஊழியரின் அளவு வரம்பை நெருங்கினால், தற்காலிகத் தொழிலாளி உள்ளே அனுப்பப்படுவார். ஒவ்வொருவர் பதிவேட்டிலும் அளவு வரம்புக்குள்தான் இருக்கும். மொத்தச் சுமை மட்டும் அடுக்கின் கீழ்நோக்கி இறங்கிவிடும்.

இது கற்பனையன்று. பிரான்சிலும் ஜப்பானிலும் அணு உலைத் தொழிலாளர்கள் பெறும் மொத்தக் கதிர்வீச்சில் பெரும்பகுதி துணை ஒப்பந்தத் தொழிலாளர்கள் மீது விழுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஜப்பானில் அன்றாடக் கூலிகள் கூடும் பகுதிகளிலிருந்தும், பல அடுக்கு ஒப்பந்ததாரர்கள் வழியாகவும் உலைகளுக்கு ஆள் திரட்டப்பட்டது. 2011 புகுஷிமா விபத்துக்குப் பிந்தைய தூய்மைப் பணியிலும் அதே முறை தொடர்ந்தது. அங்கே பணியாற்றிய ஒருவரின் இரத்தப் புற்றுநோயைத் தொழில்சார் நோயாக அந்நாட்டு அரசு முதன்முதலாக ஏற்றது 2015 அக்டோபரில்தான்.

நம் நாட்டு நிகழ்வுகள் இரண்டைப் பார்ப்போம். 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கத்தின் எரிபொருள் மறுசுழற்சி ஆலையில் ஆறு ஊழியர்கள் வரம்பை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஊழியர் சங்கம் கேள்வி எழுப்பியது. சில மாதங்கள் கழித்தே நிர்வாகம் வெளிப்படையாகப் பேசியது. 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா நிலையத்தில் குடிநீர்க் குளிரூட்டியில் டிரிட்டியம் கலந்த கனநீர் சேர்ந்தது. 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் உடலில் டிரிட்டியம் சென்றது. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில்தான் அது தெரியவந்தது. பரிசோதனையும் பதிவேடும் சங்கமும் இருக்கும் இடத்தில்தான் ஒரு நிகழ்வு வெளிச்சத்துக்கு வருகிறது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. இம்மூன்றும் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளிக்கு நேர்வது யாருக்கும் தெரியாமலேயே போய்விடக்கூடும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் ஒன்று, தொழிலிடப் பாதுகாப்பு பற்றியது. ஒரு நிறுவனத்தின் 'மையப் பணி'யில் ஒப்பந்தத் தொழிலாளரைப் பயன்படுத்தக் கூடாது என்று பொதுவிதியாக அது சொல்கிறது. ஆனால் 'மையப் பணி' எது என்ற வரையறையிலிருந்து சில பணிகளை அது வெளியே தள்ளுகிறது. அப்பட்டியலில் முதலாவதாக இருப்பது துப்புரவு. பெருக்குதல், துடைத்தல், எல்லா வகைக் கழிவுகளையும் சேகரித்தல், அகற்றுதல் ஆகியவை அதில் அடக்கம். ஓர் அலுவலகத்துக்கு இந்த வரையறை எப்படியோ போகட்டும். அணுமின் நிலையத்தில் கதிரியக்கக் கழிவைக் கையாள்வதும் கதிரியக்கம் படிந்த இடத்தைத் தூய்மை செய்வதும் 'துணைப் பணி' ஆகுமா? உலையின் பாதுகாப்பே அதில்தானே இருக்கிறது? துப்புரவை மதிப்பற்ற வேலையாகவும், செய்பவரை மாற்றத்தக்கவராகவும் கருதும் சாதிய மனநிலை, சட்டத்தின் வரையறைக்குள்ளேயே புகுந்திருக்கிறது.

இழப்பீட்டிலும் இதே இடைவெளி உண்டு. அயனியாக்கும் கதிர்வீச்சால் வரும் நோய்களைத் தொழில்சார் நோய்களாக 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் ஏற்றிருந்தது. அந்த ஏற்பாடு இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. தொழிலாளி ஒரே வேலையளிப்பவரிடம் தொடர்ந்து ஆறு மாதங்களேனும் பணியாற்றியிருந்தால், நோய் வேலையால் வந்தது எனச் சட்டமே அனுமானிக்கும். அவ்வாறு இல்லையென்றால், மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளில் விழும். உலை நிறுத்தப்படும் சில வாரங்களுக்கு மட்டும் அழைக்கப்பட்டு, அடுத்த முறை வேறொரு ஒப்பந்ததாரரின் கீழ் வருபவர் இந்த ஆறு மாதக் கணக்கை எப்படிக் காட்டுவார்? கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒப்பந்ததாரரின் பெயர்ப்பலகையே மாறியிருக்கும்.

ஒரு கருவி மட்டும் தொழிலாளியின் கையில் இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள், பணியாளரின் கதிர்வீச்சு அளவுப் பதிவையும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையையும் பேணும் கடமையை வேலையளிப்பவருக்கு விதிக்கின்றன. பணியாளர் கேட்கும்போதும், பணி முடியும்போதும் அவற்றை அவரிடம் தர வேண்டும். மார்பில் அணியும் அளவிக் கருவி எவ்வளவு காட்டியது என்ற காகிதம் கையில் இருந்தால், இருபது ஆண்டுகள் கழித்தும் வழக்காடலாம். அது இல்லையென்றால் வழக்கே இல்லை. களச்செயல்பாட்டாளர்கள் தொழிலாளர் குடியிருப்புகளில் முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதான்.

தனியார் வரும்போது

இதுவரை சொன்னவை அரசு நிறுவனங்களின் நிலை. இனி வருவது என்ன?

புதிய சட்டத்தின்படி, உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் அணுமின் நிலையங்களை அமைக்கலாம், உடைமையாகக் கொள்ளலாம், இயக்கலாம். தனியார் நிறுவனம் 12ஆம் உறுப்பின் பொருளில் 'அரசு' ஆகாது. அரசு அதை ஒழுங்குபடுத்துகிறது என்பது மட்டுமே அதை 'அரசு' ஆக்கிவிடாது என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் வகுத்த நிலைப்பாடு. ஆகவே 16(4)ஆம் உறுப்பு அங்கே செல்லாது. தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்தில், வேலை நியமனத்தில் ஒதுக்கீடு மீறப்பட்டது என்று முறையிடவும் அங்கே அடிப்படை இராது.

எல்லாத் திட்டங்களும் ஒரே தன்மையன அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ராஜஸ்தானின் பன்ஸ்வாராவில், பழங்குடி மக்கள் மிகுந்த பகுதியில், நான்கு உலைகளுக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அணுமின் கழகமும் தேசிய அனல்மின் கழகமும் 51க்கு 49 என்ற பங்கில் அமைத்த அஸ்வினி நிறுவனம் அதை நடத்துகிறது. பொதுத்துறை என்பதால் இட ஒதுக்கீட்டை அங்கே கோரலாம். தனியார் முதலீட்டில் அமைந்தாலும் அணுமின் கழகமே இயக்கும் சிறு உலைகளில், இயக்குபவர் பணிக்கு ஒதுக்கீட்டைக் கோர இடம் உண்டு. தனியார் நிறுவனமே உரிமம் பெற்று இயக்கும் உலையில் அந்த இடம் அடைபட்டுவிடும். ஆகவே ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டால், எத்தனை மெகாவாட் என்று கேட்பதற்கு முன், வேலையளிப்பவர் யார் என்று கேட்க வேண்டும்.

அரசு நிறுவனம் தனியாருக்குக் கைமாறும்போது, இருக்கும் உரிமைகளை நீதிமன்றம் காக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. பால்கோ நிறுவனப் பங்கு விற்பனை வழக்கில், 2001 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு அதைத் தெளிவாக்கியது. பொதுத்துறை ஊழியர் என்ற வகையில் கிடைக்கும் அரசமைப்புப் பாதுகாப்பைக் காட்டி, பங்கு விற்பனையைத் தடுக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆனால் வழியே இல்லை என்பதும் உண்மையல்ல. தனியார் கல்வி நிறுவனங்களில் இட ஒதுக்கீடு முடியாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, நாடாளுமன்றம் 93ஆம் திருத்தத்தின் வழியாக 15(5)ஆம் உறுப்பைச் சேர்த்தது. அத்திருத்தம் செல்லும் என்று பின்னர் அதே நீதிமன்றம் ஏற்றது. கல்வியில் முடிந்தது வேலையிலும் முடியும். அதுவரையிலும், உரிமம் வழங்கும்போதே சமூகப் பிரதிநிதித்துவத்தை ஒரு நிபந்தனையாக அரசு விதிக்கலாம். பொதுமக்களின் நிலம், பொதுமக்களின் நீர், பல்லாண்டுகள் பொதுப் பணத்தில் வளர்ந்த தொழில்நுட்பம் ஆகியவற்றைப் பெற்று, விபத்துக்கான பொறுப்புக்கும் சட்டத்தில் உச்சவரம்பைப் பெறும் ஒரு தொழில், வேலையளிப்பதில் மட்டும் 'எங்கள் விருப்பம்' என்று சொல்வதை ஏற்க வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் நீர்வளத் திட்டமிடலும் அவர் பொறுப்பில் இருந்தன. பட்டியல் சாதியினருக்கு அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு ஒதுக்கீடு 1943இல் கிடைத்தது அக்காலத்தில்தான். 1947இல் அவர் அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில், முக்கியத் தொழில்கள் அரசுடைமையாக இருக்க வேண்டும் என்றார். மின்சாரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் வேலை யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் அவர் இரண்டு கேள்விகளாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

வாக்குறுதியும் காலமும்

மாணவர்கள் இன்னொன்றையும் எடைபோட வேண்டும். அறிவிக்கப்பட்ட வேகத்தில் இத்துறை வளருமா? தாராப்பூரில் முதல் உலைகள் 1969இல் மின் உற்பத்தியைத் தொடங்கின. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் எட்டிய திறன் 9,000 மெகாவாட்டுக்கும் குறைவு. நாட்டின் மின்சாரத்தில் அதன் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடு. 100 ஜிகாவாட் என்றால், அதைப் போல் பதினோரு மடங்கு. கல்பாக்கத்தின் 500 மெகாவாட் வேக ஈனுலைக் கட்டுமானம் 2004இல் தொடங்கியது. உலையின் மையக்கருவை நிரப்பும் பணி தொடங்க 2024 மார்ச் ஆயிற்று. இதற்கிடையே சூரிய மின் திறன் 2025 ஜனவரி இறுதியில் 100 ஜிகாவாட்டைத் தாண்டிவிட்டது.

ஆகவே ஒரே துறையை நம்பி, அதற்கு மட்டுமே உதவும் படிப்புக்குக் கடன் வாங்குவது உகந்ததன்று. தனியார் கல்லூரிகளின் பட்டப் பெயர்களில் 'அணு' என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம். துறை ஆள் எடுப்பது பெரும்பாலும் அடிப்படைப் பொறியியல் பிரிவுகளிலும் இயற்பியல், வேதியியல் பட்டங்களிலும்தான். அந்தப் பட்டங்கள் வேறு துறைகளிலும் செல்லும்.

போராட்டமும் விண்ணப்பமும்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கூடங்குளப் போராட்டத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் மீது தேசத்துரோகம் உள்ளிட்ட பிரிவுகளில் வழக்குகள் போடப்பட்டன. 2013 மே 6 அன்று உலையை அனுமதித்துத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. ஒரு முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பது, கடவுச்சீட்டிலிருந்து அரசு வேலையின் காவல்துறைச் சரிபார்ப்பு வரை இளைஞர்களைத் துரத்தும். உலைக்காக வாழ்வாதாரத்தை இழந்த ஊரின் பிள்ளைகளுக்கு, உலையின் வேலையும் இவ்வாறு மறுக்கப்படலாம்.

விண்ணப்பிக்கும் மாணவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். சரிபார்ப்புப் படிவத்தில் வழக்கு பற்றிய கேள்வி இருந்தால் மறைக்கக் கூடாது. அவ்தார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, மறைத்ததே பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம். உண்மையைச் சொன்னவரின் வழக்கின் தன்மையை வேலையளிப்பவர் நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும். மறுத்தால் நீதிமன்றம் செல்ல வழி இருக்கும்.

உலையை எதிர்ப்பதும் உலையில் வேலை கேட்பதும் முரண் என்று நான் கருதவில்லை. உலை வேண்டுமா என்பது ஒரு சமூகம் கூடி எடுக்க வேண்டிய அரசியல் முடிவு. உலை இருக்கும்வரை அதன் கட்டுப்பாட்டு அறையிலும் பாதுகாப்புக் குழுவிலும் யார் இருக்கிறார்கள் என்பது சம உரிமைக் கேள்வி. கழிவைத் துடைக்க மட்டும் நம்மை அழைத்து, அளவிக் கருவியைப் படிக்கத் தெரிந்தவர்களாக நாம் ஆவதைத் தடுக்கும் ஏற்பாட்டுக்கு, விலகி நிற்பது விடையாகாது. கதிர்வீச்சு இயற்பியல் படித்த ஒருவர் நம் பக்கம் இருந்தால், நிர்வாகத்தின் அறிக்கையை அப்படியே நம்ப வேண்டிய நிலையும் மாறும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, தகவல். ஒவ்வோர் அரசு நிறுவனமும் பேண வேண்டிய ரோஸ்டர் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை, ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், அவர்கள் பெற்ற மொத்தக் கதிர்வீச்சு எவ்வளவு, நிரந்தர ஊழியர் பெற்றது எவ்வளவு என்பவை உலையின் இரகசியங்கள் அல்ல. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்தால், வெளியிடத்தக்க பகுதியைப் பிரித்துத் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 10ஆம் பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்ய வேண்டும்.

இரண்டாவது, முறையீடு. ரோஸ்டர் மீறலும் பதவி உயர்வில் பாகுபாடும் இருந்தால், 338ஆம் உறுப்பின் கீழ் அமைந்த தேசிய ஆணையத்துக்கு எழுத வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்துடன் ஆவணங்களையும் அலுவலர்களையும் வரவழைக்க அதனால் முடியும்.

மூன்றாவது, கோரிக்கை. ஆய்வு நிறுவனங்களுக்கான அட்டவணை விலக்கு நீக்கப்பட வேண்டும். கதிரியக்கப் பகுதியில் நடக்கும் தூய்மைப் பணியும் கழிவு கையாளுதலும் மையப் பணி என அறிவிக்கப்பட்டு நிரந்தரமாக்கப்பட வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் தொழிலாளியைத் தொடரும் ஒரே கதிர்வீச்சுப் பதிவேடும், ஆறு மாத நிபந்தனை இல்லாத இழப்பீடும், பணி முடிந்த பின்னரும் தொடரும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். தனியார் உரிமங்களில் பிரதிநிதித்துவம் நிபந்தனையாக வேண்டும். புதிய சட்டத்தின் கீழ் விதிகளும் உரிம நிபந்தனைகளும் வகுக்கப்படும் காலமே இவற்றை எழுப்புவதற்கு ஏற்ற காலம். உரிமம் கையெழுத்தான பின் எழுப்பினால், முதலீட்டாளரின் ஒப்பந்த உரிமை என்ற சுவரில் முட்ட வேண்டியிருக்கும்.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. அரசு வாயில்கள் திறந்திருக்கும்போதே விண்ணப்பியுங்கள். சாதிச் சான்றிதழை ஒன்றிய அரசின் படிவத்தில் முன்கூட்டியே பெற்று வையுங்கள். உள்ளே சென்ற பின், உங்கள் அறைக்கு வெளியே துடைப்பானோடு நிற்பவரின் மார்பில் அளவிக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். அது காட்டும் எண் அவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள்.